முதல் வகை நீரிழிவோடு ஜிம் தொடங்கலாமா? இரவில் சர்க்கரை இறங்குவது பற்றி

உடலில் இன்சுலின் அநேகமாகச் சுரக்காத முதல் வகை நீரிழிவு இருக்கும் நீங்கள், ஜிம் தொடங்கக் கட்டடத்துக்கு முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம். ஆனால் காலை, மாலை வகுப்புகள் அனைத்தையும் நீங்களே நடத்துவதாகப் போட்ட கணக்கை மாற்றிய பிறகு கொடுங்கள். மாலை வகுப்புக்கு இன்னொரு பயிற்சியாளரின் சம்பளத்தையும் சேர்த்த பின்னும் மாதச் செலவு கட்டுப்படியானால், முதல் வகை நீரிழிவு இதற்குத் தடையல்ல.

மாலையில் வகுப்பெடுத்த நாள்களில் நள்ளிரவில் சர்க்கரை 60-க்கு இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். உறுப்பினர்களுக்குச் செய்துகாட்டுவதும் உங்கள் உடலுக்கு உடற்பயிற்சிதான். உழைத்த தசைகள் தீர்ந்துபோன சர்க்கரை இருப்பை நிரப்பிக்கொள்ள இரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருப்பதாலும், இன்சுலின் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேலை செய்வதாலும், 24 மணி நேரம் வரைகூடச் சர்க்கரை இறங்க வாய்ப்புண்டு.

இரண்டு வாரங்களுக்கு வகுப்புக்கு முன்பும் பின்பும், படுக்கும்போதும், அதிகாலை 3 மணிக்கும் அளந்து, செய்துகாட்டிய நாள்களையும் வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்த நாள்களையும் தனித்தனியாகக் குறியுங்கள். கனமான எடை தூக்கியதும் அட்ரினலின் என்ற ஹார்மோனால் சர்க்கரை சற்று நேரம் ஏறுவதுண்டு. அதைக் கண்டு பதறி உடனே கூடுதல் இன்சுலின் போட்டுக்கொள்வது இரவுச் சரிவை இன்னும் ஆழமாக்கும். இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

இன்சுலின் அளவை மட்டும் அந்தக் குறிப்புகளைக் காட்டி மருத்துவர் சொன்னபடியே மாற்றுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி அளக்க வேண்டும். நீங்கள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊட்டாமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை, திறப்பு விழாவுக்கு முன்பே உங்கள் பணியாளர்கள் அனைவருக்கும் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.