வெள்ளைச் சேலை யாருடையது?

கேள்வி: பேய்க்குப் பயந்து 42 ஆண்டுகள் மூடிக் கிடந்த ஒரு ரயில் நிலையம் மேற்கு வங்கத்தில் இருக்கிறதாமே? வெள்ளைச் சேலை கட்டிய பேயை ரயில்வே ஊழியரே பார்த்தாராம். நம்பலாமா?
– ஒரு வாசகர், உடுமலை

பதில்: நிலையம் உண்மை. புருலியா மாவட்டத்தில் இருக்கிறது, பெயர் பேகுன்கோடோர். சந்தால் பழங்குடி மக்களின் ராணி லச்சன் குமாரி முயன்று 1960இல் வந்த நிலையம் என்று சொல்வார்கள். 1967இல், தண்டவாளத்தில் வெள்ளைச் சேலைப் பேயைப் பார்த்ததாக ஊழியர் ஒருவர் சொன்னார். பேச்சு பரவியது. அங்கே வேலைக்குப் போக ஆள் இல்லை. ரயில்கள் நிற்காமல் போக ஆரம்பித்தன.

நீங்கள் பேயைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கு அந்தச் சேலையைப் பற்றிப் பேச வேண்டும். வங்காளத்தில் வெறும் வெள்ளைச் சேலை என்றால் அது கைம்பெண்ணின் சேலை. சங்கு வளையலைக் கழற்றி, வகிட்டுக் குங்குமத்தை அழித்து, சோற்றுத் தட்டில் மீனையும் நிறுத்திவிட்டு, உடுத்திக்கொள் என்று அவளிடம் கொடுத்தது. ஈஸ்வர சந்திர வித்யாசாகர் போராடி 1856இல் மறுமணச் சட்டம் வந்தது. அதன் பிறகும் சேலை மாறவில்லை. உயிரோடு இருந்தபோது எதிரே வராதே என்று ஒதுக்கி வைத்தவளை, செத்த பிறகும் அதே சேலையில் அலைய விடுகிறோம். நம் ஊர்ப் பேயும் அதைத்தான் கட்டுகிறது. மனைவியை இழந்த ஆணுக்கு இப்படி ஓர் உடுப்பை எந்த ஊர் வைத்திருக்கிறது?

புறநானூறு 246இல், கணவன் பூதப்பாண்டியனின் ஈமத் தீயில் விழப் போகிற பெருங்கோப்பெண்டு கைம்மையைச் சொல்கிறாள். நெய் சேராத சோறு, வேளைக் கீரை, பாய்கூட இல்லாமல் பருக்கைக் கல்லின் மேல் படுக்கை. இதற்கு ஈமத் தீ எவ்வளவோ மேல் என்கிறாள். அதைக் கற்பின் பெருமை என்று பாடம் நடத்துகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். அவள் பாடியது பெருமை இல்லை, புகார்.

சரி, நிலையத்துக்கு வருவோம். பாங்குரா எம்.பி.யாக இருந்த பாசுதேவ் ஆச்சாரியா இதை வெளிப்படையாகச் சொன்னார்: அங்கே வேலை பார்க்க விரும்பாத ஊழியர்கள் கட்டிவிட்ட கதை. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பட்டிக்காட்டுக்கு மாற்றல் என்றால் தண்டனை என்று நினைக்கிற புத்தி ரயில்வேயில் மட்டுமா இருக்கிறது? நம் பள்ளிக்கூடங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இல்லையா? போகாதவர்களுக்கு ஏதோ ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. அந்த ஊர் ஜனங்களுக்கோ கண்ணெதிரே ஓடுகிற ரயிலில் 42 ஆண்டுகள் ஏற வழியில்லை. கேட்டுக் கேட்டு, மம்தா பானர்ஜி ரயில்வே அமைச்சராக இருந்தபோது, 2009 ஆகஸ்டில் மறுபடி திறக்க வைத்தார்கள். அப்புறம் 2017 டிசம்பரில் பகுத்தறிவாளர் குழு ஒன்று ராத்திரி முழுக்க அங்கே தங்கிப் பார்த்தது. பேய் வரவில்லை. புதர் மறைவிலிருந்து சத்தம் போட்ட ஆட்கள்தான் அகப்பட்டார்கள்.

நம்பலாமா என்கிறீர்கள். பொழுது சாயும் நேரத்தில் வெள்ளைச் சேலையில் ஒரு பெண் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து வந்தாள் என்றால் நம்புவேன். ரயில் பிடிக்க வந்திருப்பாள். எந்த ஊருக்கு டிக்கெட் என்று அவளிடம் கேட்டிருக்க வேண்டும்.