பாட்டியின் புலிநக டாலரை விற்கலாமா?

கேள்வி: என் அம்மா சென்ற ஆண்டு காலமானார். அவருடைய நகைப்பெட்டியில், தங்கப் பூண் கட்டிய இரண்டு புலிநகம் வைத்த டாலர் ஒன்று இருக்கிறது. 1961ல் பாட்டி ரஜூலா கப்பலில் சிங்கப்பூர் வந்தபோது கொண்டுவந்தது. ‘அசல் புலிநகம், பழங்கால வேலை’ என்று எழுதி இணையச் சந்தையில் படம் போட்டேன். இரண்டே நாளில் ஒருவர், “இது குற்றம், புகார் செய்யப்போகிறேன்” என்று செய்தி அனுப்பினார். சென்னையில் இருக்கும் ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். டிசம்பரில் ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுக்கலாமா? தேக்காவில் ஒரு நகைக்கடைக்காரர் தங்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளத் தயார் என்கிறார். என்ன செய்வது? — ஈசூன் வாசகி

பதில்: விளம்பரத்தை இன்றே எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன், போட்ட தேதி தெரியும்படி அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கக் கேட்டவர்களோடு நடந்த உரையாடல்களை அழிக்க வேண்டாம். புகார் வரப்போகிறது என்று தெரிந்த பிறகு விசாரணையைத் தடுக்கும் நோக்கில் ஆதாரத்தை அழித்தால், தண்டனைச் சட்டத்தின் 204ஏ பிரிவு பாயும். அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. பதற்றத்தில் பலர் செய்யும் தவறு இதுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற அனைத்துலக உடன்பாட்டின் முதல் இணைப்பில் புலி இருக்கிறது; மிகக் கடுமையான பாதுகாப்பு அந்தப் பட்டியலுக்குத்தான். சிங்கப்பூர் 1986ல் அந்த உடன்பாட்டில் சேர்ந்தது. இங்கே அதைச் செயல்படுத்துவது அருகிவரும் உயிரினங்கள் (இறக்குமதி, ஏற்றுமதி) சட்டம் 2006. பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்துடையது. உயிருள்ள விலங்கு மட்டுமல்ல, அதன் நகம், பல், தோல், எலும்பு, அதிலிருந்து செய்த மருந்து, தைலம் எல்லாம் சட்டத்துக்குள் அடங்கும். தங்கப் பூண் போட்டு நகையாக்கிவிட்டதால் புலிநகம் வேறு பொருளாகிவிடாது.

நம் வீடுகளில் குழந்தைக்குப் பயம் அண்டாமல் இருக்கவும் கண்ணேறு படாமல் இருக்கவும் புலிநகம் கட்டுவது நெடுங்காலப் பழக்கம். அதனால் இதை விலங்குப் பொருளாகவே யாரும் நினைப்பதில்லை. உங்கள் தவறும் அங்கேதான் தொடங்கியிருக்கிறது. ஆனால் சட்டத்தில் வழக்கத்துக்கென்று தனி விலக்கு இல்லை.

அனுமதியின்றி இறக்குமதி, ஏற்றுமதி, மறுஏற்றுமதி செய்வது குற்றம். அப்படி முறைகேடாக வந்த பொருளை வைத்திருப்பது, விற்பது, விற்பதாக விளம்பரம் செய்வது, பொதுவில் காட்சிக்கு வைப்பது எல்லாமே குற்றம்தான். இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்று உண்டு. 1961ல் இந்த உடன்பாடே கிடையாது. அது நடப்புக்கு வந்தது 1975 ஜூலை 1 அன்று. பாட்டி கொண்டுவந்தபோது மீறுவதற்கு இப்படி ஒரு சட்டம் இல்லை. ஆகவே டாலர் பெட்டியில் இருப்பதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள் என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. ஆனால் அது 1961ல் வந்தது என்பதை எதை வைத்துக் காட்டுவீர்கள்? ‘பாட்டி சொன்னார்’ என்பது போதாது.

தேட வேண்டியவை இவை: பாட்டியின் பழைய கடப்பிதழில் குத்திய முத்திரை, கப்பல் சீட்டு, அம்மாவோ மாமாவோ குழந்தையாக இருந்தபோது டாலர் அணிந்து எடுத்த ஸ்டூடியோ படம். அந்தக் காலப் படங்களின் பின்புறத்தில் ஸ்டூடியோவின் முத்திரையும் தேதியும் இருக்கக்கூடும். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிப் பாருங்கள். விவரம் தெரிந்த மூத்த உறவினர் இருந்தால், அவர் நேரில் கண்டதை மட்டும் எழுதி உறுதிமொழி ஆணையர் முன் கையெழுத்திட்டுத் தரலாம். தெரியாததை நிரப்பச் சொல்லாதீர்கள். பொய்யான ஒரு தேதி, உண்மையான மற்ற ஆதாரங்களையும் கெடுத்துவிடும்.

‘ஒருவேளை போலியாக இருந்தால்?’ என்ற எண்ணம் உங்களுக்கு வரலாம். மாட்டுக்கொம்பிலும் பிசினிலும் செய்த நகங்கள் சந்தையில் ஏராளம். ஊசியைச் சுட்டுக் குத்தி வாசனை பார்ப்பார்கள். நகமும் கொம்பும் கெரட்டின் என்ற ஒரே புரதத்தால் ஆனவை என்பதால் இரண்டும் தீய்ந்த முடி போலத்தான் நாறும். அந்தச் சோதனை புலிநகம்தான் என்று உறுதிசெய்யாது, பொருள்தான் கெடும். அதைவிட முக்கியம், ஒரு பொருளை அருகிவரும் உயிரினத்தின் பாகம் என்று நீங்களே சொல்லி விற்க முன்வந்தால், அந்தக் கூற்றே அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிடும். ‘அசல் புலிநகம்’ என்று எழுதிவிட்டு, பிறகு ‘போலிதான்’ என்று தப்ப முடியாது. சிறுத்தை நகமாக இருந்தாலும் நிலைமை மாறாது. சிறுத்தையும் முதல் இணைப்பில்தான் இருக்கிறது. தேவைப்பட்டால் கழகத்தின் வனவிலங்குத் தடயவியல் மையம் மரபணுச் சோதனையில் கண்டுபிடிக்கும்.

தண்டனை 2022 நவம்பர் 1 முதல் கூடியிருக்கிறது. முதல் இணைப்பு உயிரினத்துக்கு, தனிநபர் என்றால் பொருள் ஒன்றுக்கு 100,000 சிங்கப்பூர் வெள்ளி வரை, மொத்தத்தில் 500,000 வெள்ளிக்கு மிகாமல் அபராதம், ஆறு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இரண்டு நகத்தை இரண்டு பொருளாக எண்ணவும் இடமுண்டு. இவை உச்ச வரம்புகள். நீதிமன்றம் அளவையும் இலாப நோக்கையும் பார்க்கும். சாங்கி விமான நிலையத்தில் 34.7 கிலோ காண்டாமிருகக் கொம்போடு 2022ல் பிடிபட்டவருக்கு 2024 ஜனவரியில் 24 மாதச் சிறை கிடைத்தது. உங்கள் விவகாரம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் விலை போட்டு விற்க முன்வந்திருக்கிறீர்கள். அந்த ஒன்றுதான் உங்களுக்குப் பாதகம்.

சென்னைக்குக் கொண்டுபோகும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். கழுத்தில் அணிந்து போனாலும், தபாலில் அனுப்பினாலும், தெரிந்தவர் பெட்டியில் வைத்தாலும் சாங்கியில் அது அனுமதியில்லா ஏற்றுமதி. இறங்கும் இடத்தில் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 காத்திருக்கிறது. அதன் முதல் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தது மூன்று, அதிகம் ஏழு ஆண்டு சிறை. 2023 அக்டோபரில் கர்நாடகத்தில் தொலைக்காட்சிப் போட்டியாளர் ஒருவர் புலிநக டாலர் அணிந்து திரையில் தோன்றியதற்கே கைதானார். வாங்க நினைக்கும் சென்னைக்காரரையும் நீங்கள் அந்தக் குழியில்தான் தள்ளுகிறீர்கள். அவருக்கு இனிப் பதில் எழுத வேண்டாம்.

தங்கத்துக்கு எந்தத் தடையும் இல்லை. நகைக்கடைக்காரர் பூணைக் கழற்றி எடைபோட்டு வாங்கிக்கொள்ளட்டும். நகங்கள் அவர் கடையில் தங்கக்கூடாது. வேலை முடியும்வரை கூடவே இருந்து, உங்கள் கையிலேயே வாங்கி வாருங்கள். கழற்றும் முன் டாலரை இருபுறமும் படம் எடுங்கள், பூணும் நகமும் சேர்ந்த எடையைக் குறித்து வையுங்கள். புகார் ஏற்கெனவே போய், கழகத்திலிருந்து அழைப்பு வந்திருந்தால் மட்டும் எதையும் கழற்றாமல் அப்படியே வையுங்கள். வாக்குமூலம் கொடுக்கும் முன் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள்.

அழைப்பு எதுவும் வராவிட்டால் உங்கள் முன் இரண்டு வழி. விற்காமல், ஊர் தாண்டாமல், ஆதாரங்களோடு சேர்த்துக் குடும்பப் பொருளாக வைத்திருக்கலாம். அல்லது, எப்படி வந்தது என்ற விவரத்தை எழுதி, நகங்களைக் கழகத்திடம் ஒப்படைத்து, எழுத்தில் ஒப்புகை பெறலாம். ஆதாரம் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் இரண்டாவதையே சொல்வேன். விளம்பரம் போட்டிருப்பதால், ஒப்படைக்கும் கடிதத்தை வழக்கறிஞர் வழியாக அனுப்புவது நல்லது.

பெட்டியைத் திறந்திருக்கும்போதே மற்றதையும் பாருங்கள். தந்த வளையல், தந்தச் சிமிழ் இருந்தால் அவற்றையும் விற்பனைக்கு வைக்காதீர்கள். யானைத் தந்த விற்பனைக்கு இங்கே 2021 செப்டம்பர் 1 முதல் தடை. தந்த வேலைப்பாடு உள்ள பழைய தஞ்சாவூர் வீணை வீட்டில் இருந்தால், வாசிக்கலாம். வெளிநாட்டுக் கச்சேரிக்கு எடுத்துப்போவதானால், பயணச்சீட்டு வாங்கும் முன்பே கழகத்திடம் சைட்டிஸ் சான்றுக்கு விண்ணப்பியுங்கள்.