ஊர் ஏரிக்கு இணைய வரைபடம்: கார்டு கேட்குது, பரப்பு கூடுதலா காட்டுது, என்ன பண்றது?

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஊர் இளைஞர்கள் சேர்ந்து தங்கள் ஏரியையும் அதற்கு வரும் வரத்துக் கால்வாயையும் வரைபடமாக்கி, யார் வேண்டுமானாலும் செல்போனில் திறந்து பார்க்கிற மாதிரி இணையத்தில் வைக்க நினைக்கிறார்கள். மூன்று இடத்தில் சிக்கல். கூகுள் மேப்பைத் தங்கள் பக்கத்தில் வைக்கப் போனால் கிரெடிட் கார்டு கேட்கிறது. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஏரியைச் சுற்றிக் கோடு வரைந்தால், பரப்பு கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் இருப்பதைவிடக் கூடுதலாக வருகிறது. அரசுத் தளத்தில் இறக்கிய புல வரைபடத்தை, அதுதான் எஃப்எம்பி, செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால் பொருந்தவே மாட்டேன் என்கிறது. "தப்பு எங்க மேலயா, மென்பொருள் மேலயா, பதிவேட்டு மேலயா?" என்று கேட்கிறார்.

பரப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் ஊருக்குள் சண்டை வருவது இதில்தான். நீங்கள் கோடு வரைந்தபோது பின்னணியில் கூகுள் படமோ ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்போ இருந்திருக்கும். இந்த மாதிரி இணைய வரைபடங்கள் ஏறக்குறைய எல்லாமே வெப் மெர்கேட்டர் என்ற ஒரே முறையில்தான் உருண்டை பூமியைத் தட்டையாக்குகின்றன. 2005-இல் கூகுள் மேப்ஸ் வந்ததும் இந்த முறை பரவியது, பிறகு வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தெருக்களின் வடிவம் கெடாது, உலகத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி அனுப்பவும் வசதி. ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போக நீளம் இழுபடும். வேலூர் இருப்பது ஏறத்தாழ 12.9 பாகை வடக்கில். இங்கே நீளம் 2.6 சதவீதம் கூடும், பரப்பு 5 சதவீதத்துக்குச் சற்று மேலேயே கூடும். உதாரணத்துக்கு, உண்மையில் 40 ஹெக்டேர் உள்ள ஏரி அந்தத் தட்டைக் கணக்கில் 42 என்று வரும். அந்த இரண்டு ஹெக்டேர் என்பது ஐந்து ஏக்கர். "பதிவேட்டுல அஞ்சு ஏக்கர் அமுக்கிட்டாங்க" என்று ஒருவர் வாட்ஸப்பில் போட்டுவிட்டால், அப்புறம் நீங்கள் எத்தனை விளக்கம் கொடுத்தாலும் எடுபடாது.

சரிசெய்வது சுலபம். கியூஜிஐஎஸ் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு எண் தெரியும், பெரும்பாலும் இபிஎஸ்ஜி 3857 என்று இருக்கும், அது வெப் மெர்கேட்டரின் குறி எண். அதைச் சொடுக்கி 32644 என்று மாற்றுங்கள், ஏரியின் அடுக்கையும், அதாவது நீங்கள் வரைந்த கோடு இருக்கும் கோப்பையும், அதே எண்ணில் சேமியுங்கள். இது யூடிஎம் என்ற, பூமியை மண்டலம் மண்டலமாகப் பிரித்துத் தட்டையாக்கும் முறையில் 44 வடக்கு மண்டலம், 78 முதல் 84 பாகை கிழக்கு வரைக்கும் பொருந்தும். குடியாத்தம், வேலூர், ஆம்பூர், ஆற்காடு எல்லாம் இதற்குள் வந்துவிடும் (ஓசூர் பக்கம் போனால்தான் 43 வேண்டும்). பரப்பைக் கணக்கிடும்போது இன்னொன்றையும் பாருங்கள்: கியூஜிஐஎஸ்ஸில் பரப்பு கேட்க இரண்டு வழி உண்டு, டாலர் குறி போட்டு எழுதுகிற $area பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும், குறி இல்லாத area தட்டையாகவே கணக்கிடும். முதலாவதையே பழகிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பதிவேட்டோடு துல்லியமாக ஒத்துப்போகாது, ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. பதிவேடு சொல்வது நீர்நிலைப் புறம்போக்கின் பரப்பு, கரையும் அதில் சேர்ந்திருக்கும். நீங்கள் படத்தைப் பார்த்து வரைவது அன்றைக்குத் தண்ணீர் நின்ற இடத்தை. கோடை வெயிலில் எடுத்த படமாக இருந்தால் ஏரி பாதியாகத் தெரியும், ஏரி நிரம்பிக் கோடி போகிற சமயத்தில் எடுத்ததாக இருந்தால் சில ஏரிகளில் மேல்பக்கத்துப் பட்டா நிலத்திலும் தண்ணீர் ஏறி நிற்கும். அதனால் இரண்டு தனித்தனி அடுக்காக வரையுங்கள்: ஒன்று புறம்போக்கு எல்லை, இன்னொன்று இந்தத் தேதியில் நீர் நின்ற பரப்பு. தேதியை மறக்காமல் எழுதுங்கள்.

இனி எஃப்எம்பி. அந்தத் தாளில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கிடையாது. சங்கிலி போட்டு, கல்லுக்குக் கல் அளந்து வரைந்த படம் அது. ஒரு சர்வே எண்ணுக்கு உள்ளே நீளங்கள் சரியாக இருக்கும், ஆனால் அந்தப் புலம் பூமியில் எந்தப் புள்ளியில் உட்கார்ந்திருக்கிறது என்று படத்துக்கே தெரியாது. தாளில் வடக்குக் குறி இருந்தாலும் சற்றே திரும்பி இருக்கலாம், பிரிண்ட் எடுக்கும்போது தாளுக்கு ஏற்றபடி சுருக்கிவிட்டால் அளவும் மாறிப்போகும். ஆகவே அதைக் கியூஜிஐஎஸ்ஸின் ஜியோரெஃபரன்சர் என்ற, படத்தைப் பூமியின் புள்ளிகளோடு பொருத்தும் கருவியில் போட்டு, தரையில் அடையாளம் தெரிகிற நான்கைந்து இடங்களோடு கட்ட வேண்டும். மதகு, கலங்கல் மூலை, சிறு பாலம், கண்ணுக்குத் தெரிகிற சர்வே கல், இவையெல்லாம் நல்ல புள்ளிகள். மரம், வேலி, வரப்பு வேண்டாம், அவை நகரும். உருமாற்ற முறை கேட்கும் இடத்தில் ஹெல்மெர்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள், அது படத்தைத் திருப்பும், நகர்த்தும், ஒரே சீராகப் பெரிதாக்கும், அவ்வளவுதான். பட்டியலில் பாலினாமியல், தின் பிளேட் ஸ்ப்ளைன் என்று வேறு சில இருக்கும். அவற்றில் போட்டால் படம் அழகாகப் பொருந்திவிடும், ஆனால் எல்லைக் கோடுகளை இழுத்து வளைத்துத்தான் பொருந்தியிருக்கும். அப்புறம் அளவர் அளந்த நீளம் உங்கள் படத்தில் இருக்காது. பொருத்தம் அழகாக வருவதைவிட நீளம் கெடாமல் இருப்பதுதான் இங்கே முக்கியம்.

செயற்கைக்கோள் படமும் அசையாத சாட்சி இல்லை. ஒரே மதகை பிங், எஸ்ரி என்ற இரண்டு சேவைகளின் படங்களிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள், சில மீட்டர் நகர்ந்து நிற்கும். மலையடிவாரத்தில் நகர்வு இன்னும் கூடும், பேர்ணாம்பட்டு, ஒடுகத்தூர்ப் பக்கம் வேலை செய்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். செல்போன் ஜிபிஎஸ் திறந்த வெளியில் ஐந்து மீட்டருக்குள் சொல்லும், தோப்புக்குள் போனால் அதுவும் இல்லை.

கார்டு விஷயத்துக்கு வருகிறேன். 2018-லிருந்து கூகுள் மேப்பை நிரல் வழியாகத் தளத்தில் சேர்க்க வேண்டுமானால் கார்டு இணைத்த பில்லிங் கணக்கு கட்டாயம். 2025 மார்ச்சில் மாதம் 200 டாலர் சலுகையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சேவைக்கும் மாதத்துக்கு இத்தனை முறை இலவசம் என்று மாற்றினார்கள். ஒரு ஊர்ப் பக்கத்துக்கு அந்த இலவச வரம்பே தாராளம், பணம் கட்ட வேண்டி வராது. ஆனாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஊர்ப் பொது வேலை ஒரு பையனுடைய கார்டில் தொங்கக் கூடாது. கார்டு காலாவதியானால் படம் கறுத்துப்போய், சோதனைக்கு மட்டும் என்ற ஆங்கில எழுத்து குறுக்கே வந்து நிற்கும், அந்தப் பையன் அதற்குள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போயிருப்பான். கூகுளின் மை மேப்ஸ் கார்டு கேட்காது, அவசரத்துக்கு அதில் போட்டுக்கொள்ளலாம், கேஎம்எல் என்ற வரைபடக் கோப்பாக வெளியே எடுக்கவும் முடியும்.

நான் பரிந்துரைப்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பின்னணியாக வைத்து, உங்கள் ஏரியைத் தனிக் கோப்பாக அதன் மேல் போடுவதுதான். 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கியது அது, யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம், எங்கிருந்து எடுத்தது என்று படத்தின் ஓரத்தில் குறிப்பிட்டால் போதும். நிரல் எழுத வராதா? யூமேப் என்ற இலவசத் தளத்தில் கோப்பை ஏற்றினால் பத்து நிமிடத்தில் இணைப்பு கிடைத்துவிடும். உங்களில் ஒருவருக்குக் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் லீஃப்லெட் என்ற, இணைய வரைபடத்துக்கான நிரல் நூலகத்தை எடுங்கள். உக்ரைன்காரரான வொலோதிமிர் அகஃபோன்கின் 2011-இல் வெளியிட்டது, 40 கிலோபைட்டை ஒட்டித்தான் இருக்கும், பழைய போனிலும் ஓடும். கியூஜிஐஎஸ்ஸில் கியூஜிஐஎஸ்2வெப் என்ற செருகுநிரல் இருக்கிறது, நீங்கள் வரைந்ததை அப்படியே லீஃப்லெட் பக்கமாக மாற்றிக் கொடுத்துவிடும், அந்தக் கோப்புறையைக் கிட்ஹப் பேஜஸ் என்ற இலவச இணைய இடத்தில் ஏற்றினால் வாடகை இல்லாமல் நிற்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தின் படச் சதுரங்கள் நன்கொடையில் ஓடும் சேவையகங்களிலிருந்து வருகின்றன, மொத்தமாக இறக்கிக்கொள்ளக் கூடாது என்று விதியே உண்டு, ஒரு ஊர் பார்க்கும் அளவுக்குச் சிக்கல் இல்லை.

கடந்த சில வருடங்களில் வந்த இன்னொரு மாற்றம் உங்களுக்கு உதவும். முன்பெல்லாம் 256 பிக்சல் சதுரப் படங்களாகத்தான் வரைபடம் வரும், ஒவ்வொரு படி பெரிதாக்கும்போதும் படங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும், பெயர்கள் படத்திலேயே அச்சாகி இருக்கும், மாற்ற முடியாது. இப்போது வெக்டர் முறையில் கோடுகளின் ஆயங்கள், அதாவது எந்தப் புள்ளி எங்கே என்ற எண்கள் மட்டும் வருகின்றன, போனே வரைந்துகொள்கிறது. அதனால் ஊர்ப் பெயர்களைத் தமிழில் காட்டச் சொல்லலாம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாராவது தமிழ்ப் பெயரைச் சேர்த்திருந்தால். மேப்பாக்ஸ் நிறுவனம் 2020 டிசம்பரில் தன் நூலகத்தின் திறந்த உரிமத்தைக் கைவிட்டபோது, பழைய பதிப்பிலிருந்து பிரிந்து வளர்ந்த மேப்லிப்ரே இதற்கு நன்றாகப் பயன்படும். பிஎம்டைல்ஸ் என்ற வடிவத்தில் ஒரு மாவட்டத்தின் பின்னணி முழுவதையும் ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளலாம், தனிச் சேவையகமே தேவையில்லை. இதெல்லாம் இரண்டாம் கட்டம், முதலில் லீஃப்லெட்டில் ஏரி தெரியட்டும். உங்கள் ஏரியையும் கால்வாயையும் தமிழ்ப் பெயரோடு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் சேர்த்துவிடுங்கள், அதை மட்டும் தயவுசெய்து கூகுள் படத்தைப் பார்த்து வரையாதீர்கள், உரிமம் இல்லை. பிங், எஸ்ரி படங்களுக்கு அனுமதி உண்டு.

போட்டதும் ஏரி காணோமா? அனேகமாக அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கும். ஜியோஜேசன் என்ற, இணையத்தில் ஏற்றும் வரைபடக் கோப்பில் தீர்க்கரேகை முன்னால் வர வேண்டும், லீஃப்லெட்டில் கையால் புள்ளி எழுதும்போது அட்சரேகை முன்னால். வேலூரின் 12.9, 79.1 இரண்டையும் மாற்றிப் போட்டால் புள்ளி நார்வேக்காரர்களின் ஸ்வால்பார்ட் தீவில், ஆர்க்டிக் பனிக்குள் போய் விழும். வரைபடத்தைப் பின்னால் இழுத்து வடதுருவம் பக்கம் பாருங்கள், உங்கள் ஏரி அங்கேயே பத்திரமாக இருக்கும்.

கோப்பை ஷேப்ஃபைல் என்ற பழைய வகையில் வைக்காதீர்கள். அதில் அட்டவணைப் பத்தியின் பெயர் பத்து எழுத்துக்கு மேல் போகாது, தமிழ் எழுத்துகள் பல நேரம் கேள்விக்குறிகளாக மாறிவிடும், "வரத்துக் கால்வாய்" என்று எழுதி வைத்த இடத்தில் வெறும் கேள்விக்குறி வரிசை நிற்கும். ஜியோபேக்கேஜாகச் சேமியுங்கள், இணையத்துக்கு மட்டும் ஜியோஜேசனாக ஏற்றுமதி செய்யுங்கள். மாவட்ட எல்லைக் கோப்பு எதையாவது இறக்கினால் அதன் வருடத்தைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பை ஒட்டிய கோப்புகளில் வேலூர் இன்னும் ஒரே பெரிய மாவட்டமாக இருக்கும், ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019-இல் பிரிந்தது அதில் இருக்காது. நாட்டின் வெளி எல்லை சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, வெளிநாட்டுப் பின்னணிப் படங்களில் அது மாறுபடும், அதனால் உங்கள் பக்கத்தில் ஊருக்கு மேல் பின்னால் இழுக்க முடியாதபடி எல்லையைப் பூட்டிவிடுங்கள், லீஃப்லெட்டில் இரண்டு வரி.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கால்வாயோடு நடப்பது. செயற்கைக்கோள் படத்தில் ஏரி பளிச்சென்று தெரியும், வரத்துக் கால்வாய் சீமைக் கருவேலத்துக்குள் மறைந்திருக்கும், பல இடங்களில் கோடே தெரியாது. ஆகவே போனில் கியூஃபீல்டு செயலியைப் போட்டு, கியூஜிஐஎஸ் கோப்பை அதில் ஏற்றி, மடை திறந்து தண்ணீர் பாய்ச்சிய பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கால்வாய் தொடங்கும் இடத்திலிருந்து ஏரி வரை நடந்துவிடுங்கள். தூர்ந்த இடம், ரோடு போட்டபோது குழாய் சின்னதாகிப் போன இடம், உடைந்த மதகு, ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, ஒரு போட்டோ, அவர் சொல்கிற பெயர். மோர்தானா அணைக் கால்வாயிலிருந்து உங்கள் ஏரிக்குத் தண்ணீர் பிரிகிறதா, மேலே உள்ள ஏரி கோடி போனால்தான் வருகிறதா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கூகுளிடம் இல்லாத தகவல் இதுதான், உங்கள் வரைபடத்துக்கு மதிப்பு வருவதும் இதனால்தான்.

ஏரி எந்த வருடம் எவ்வளவு நிறைந்தது என்று காட்ட ஆசைப்பட்டால், ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015-லிருந்து இலவசம், ஒரு பிக்சல் 10 மீட்டர், கோப்பர்நிகஸ் பிரவுசரில் கணக்கு தொடங்கிப் பார்க்கலாம். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததே, அதற்கு அடுத்த வாரங்களில் மேகம் இல்லாத நாள் ஒன்றைத் தேடி எடுத்து, வறண்ட ஒரு வருடத்தோடு பக்கத்தில் வையுங்கள்.

கடைசியாக, இதைக் கிராம சபைக்கோ தாலுகா ஆபீசுக்கோ கொண்டுபோகிறீர்கள் என்றால் ஏ3 தாளில் சர்வே எண்களோடு அச்சிட்டுக் கொண்டுபோங்கள், அளவுகோலும் தேதியும் படத்தின் மேலேயே இருக்கட்டும். யாருடைய வீட்டையோ வயலையோ காட்டி ஆக்கிரமிப்பு என்று படத்தில் எழுதாதீர்கள், இணையத்திலும் போடாதீர்கள். ஐந்து மீட்டர் பிசகக்கூடிய கருவியை வைத்து அதைச் சொல்ல முடியாது, சொல்லும் அதிகாரம் உங்களுக்கோ எனக்கோ இல்லை. இன்ன சர்வே எண்ணில் கால்வாய் இந்த இடத்தில் தடைபட்டிருக்கிறது, அளந்து எல்லைக் கல் நட்டுத் தர வேண்டும் என்று மனுவில் கேளுங்கள், வரைபடத்தை இணைப்பாக வையுங்கள், மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.