பழைய சட்டையும் உடைந்த ஊசிகளும்

அன்புள்ள அக்கா,

தையல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் போன மாதம் மெஷின் வாங்கினேன். புதுத்துணியைக் கெடுக்க வேண்டாமே என்று, பீரோவில் கிடந்த பழைய ஜீன்ஸை வெட்டிப் பை தைக்க உட்கார்ந்தேன். இரண்டு ஊசி உடைந்தது. துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சுருண்டுகொண்டது. சரி, டி-ஷர்ட்டில் பார்க்கலாம் என்றால், தைத்த இடமெல்லாம் அலை அலையாக நிற்கிறது. கோளாறு மெஷினிலா, என் கையிலா? இன்னும் இரண்டு மூட்டை பழந்துணி இருக்கிறது. எதில் தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மெஷினும் சரி, உங்கள் கையும் சரி. பழசுதானே, கெட்டால் கெடட்டும் என்று எடுத்தீர்கள். ஆனால் மூட்டையிலேயே தைக்கச் சிரமமான இரண்டுதான் முதலில் கையில் வந்திருக்கின்றன. ஜீன்ஸில் தையல்கள் கூடுமிடத்தில் துணி நாலைந்து மடிப்பாகத் தடித்திருக்கும். சாதாரண ஊசி அங்கே தாங்காது. டி-ஷர்ட்டோ நெய்த துணியே இல்லை, பின்னியது. இழுத்துப் பிடித்துத் தைத்தால் நீண்டபடியே நின்றுவிடும்.

குருவிக்கூட்டுக்கு இப்போதே மருந்து சொல்லிவிடுகிறேன். அடியில் சிக்கினால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் நோண்டுவோம். நானும் ஒரு மாலை முழுக்க நோண்டியிருக்கிறேன். தவறு பெரும்பாலும் மேல்நூலில் இருக்கும். துணியை அமுக்கும் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால், மேல்நூலைப் பிடித்து நிறுத்தும் டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருக்கும்; நூல் அவற்றுக்கு நடுவே போய் உட்காராது. பிடிப்பில்லாத நூல் அத்தனையும் கீழே போய்க் குவியும். பாதத்தைத் தூக்கிவிட்டு, முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் பின்பக்கமாக விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி மூட்டை. பருத்தியில் ஒரு முழுக்கைச் சட்டையை எடுங்கள். கத்தரிக்கோல் இப்போது வேண்டாம். ஒரு கையை மட்டும் தையல் பிரியுங்கள். நாலைந்து தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போய், மறுபக்கத்து நூலை இழுத்தால் நீளமாக உருவிக்கொண்டு வரும். பிரித்த கையை மேசையில் விரித்துப் பாருங்கள். போட்டிருக்கும்போது குழாயாகத் தெரிந்தது, தலையில் குன்று மாதிரி வளைவு வைத்த தட்டைத் துணி. இரண்டு விளிம்புகள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, பிசிறு வெளியே தெரியாமல் ஒளிந்திருந்த விதமும் புரியும். நான் தைத்துக் கற்றதைவிடப் பிரித்துக் கற்றது அதிகம்.

அடுத்து, துணியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். சட்டை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நைவதில்லை. காலர் மடிப்பு, மணிக்கட்டு விளிம்பு, முழங்கை இவைதான் முதலில் போகும். முதுகின் கீழ்ப்பாதி அநேகமாகப் புதுசு போலவே இருக்கும். சந்தேகமான இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் இழுங்கள். மெல்ல ‘பர்ர்’ என்றால் அதைத் துடைக்கும் துணியாக்கிவிடுங்கள். காலர் மட்டும்தான் நைந்திருக்கிறதா? அப்படியானால் சட்டையை வெட்டாதீர்கள். காலரை அதன் பட்டியிலிருந்து பிரித்து, திருப்பி வைத்துத் தைத்தால் நைந்த பக்கம் அடியில் போய்விடும். சட்டையைச் சட்டையாகவே காப்பாற்றுவதைவிட நல்ல மறுபயன்பாடு எனக்குத் தெரியவில்லை.

வெட்டத்தான் வேண்டும் என்றால் முதலில் ஒரு குஷன் உறை. பட்டன்களைப் போட்டபடி, அக்குளுக்குக் கீழே, பட்டன் பட்டி நடுவில் வருகிற மாதிரி 42 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். முதுகிலும் அதே அளவு. சுற்றிலும் 1 செ.மீ. விட்டுத் தைத்தால் 40 செ.மீ. குஷனுக்குச் சரியாக இருக்கும். ஜிப் வேண்டாம், காஜா வேண்டாம். அதெல்லாம் சட்டை தைத்தவரே செய்து வைத்துவிட்டார். நல்ல பக்கங்களை உள்ளே பார்க்கவைத்து, நடுவில் இரண்டு பட்டன்களைக் கழற்றிவிட்டு, நாலு பக்கமும் தையுங்கள். கழற்றாமல் தைத்துவிட்டு, மூடிய பைக்குள் பட்டனைத் தடவித் தேடியவள் நான். இன்னொன்று: தையல் கோட்டில் பட்டன் வந்தால் முதலிலேயே பிய்த்துவிடுங்கள். என்னுடைய முதல் ஊசி அப்படித்தான் உடைந்தது. மூலைகளைத் தையலை ஒட்டிச் சாய்வாக நறுக்கிவிட்டுத் திருப்பினால் முனை கூராக வரும். ஊசி 90/14 அளவு, தையல் நீளம் 2.5 மி.மீ. போதும்.

இரண்டு உறை தைத்த பிறகு ஜீன்ஸுக்குத் திரும்புங்கள். அதற்கு ஜீன்ஸ் ஊசி, 100/16. தையல் நீளம் 3 மி.மீ. தடித்த இடத்தைத் தைக்கும் முன் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டித் தட்டையாக்குங்கள், அந்த இடத்தை மட்டும் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்துவிடுங்கள். டி-ஷர்ட்டை மட்டும் அடுத்த மாதத்துக்கு எடுத்து வையுங்கள். அதற்கு முனை உருண்ட ஊசி வாங்க வேண்டும்.