22 கிலோ கஞ்சா வழக்கில் தம்பிக்கு 10 ஆண்டு: மேல்முறையீடு

22 கிலோ கஞ்சா வழக்கில் தம்பிக்கு 10 ஆண்டு சிறை விதித்துவிட்டார்கள், இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தீர்ப்பு வந்து ஒரு மாதம்தானே ஆகிறது? மனதைத் தளரவிடாதீர்கள் சகோதரி. மதுரை சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றக் கிளையில் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு. வக்கீலுக்குப் பணமில்லை என்கிறீர்கள். சிறைக் கண்காணிப்பாளர் மூலமே தம்பி மனு கொடுக்கலாம், சட்டப்பணிகள் குழு இலவசமாக வக்கீல் தரும்.

கஞ்சா பையில்தான் இருந்தது என்பதால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் (NDPS) உடல் சோதனைக்கான பிரிவு 50 பெரிதாக உதவாது. பிடிபட்ட பொருளில் மாதிரி எடுக்கும் முறையைச் சொல்லும் பிரிவு 52ஏ-யை வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதிரியை மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுத்தார்களா? சீல் உடையாமல் ஆய்வகம் போய்ச் சேர்ந்ததா? இதில் குறை இருந்தால், அது ஒன்றே விடுதலை வாங்கித் தந்துவிடாதுதான், ஆனாலும் வலுவான வாதம்.

20 கிலோவைத் தாண்டியதால் இது வணிக அளவு; எனவே ஜாமீனுக்குக் கடும் நிபந்தனை வைக்கும் பிரிவு 37 குறுக்கே நிற்கும். மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து வெளியே வருவது சுலபமில்லை. உடனே வெளியே எடுத்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.