பழைய அம்பாசடரில் பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் என்ன மாறும்?

பேட்டரியின் 12 வோல்ட்டைப் பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டாக மாற்றும் சுருள்தான் காயில்; அதற்குப் போகும் மின்சாரம் சட்டென்று அறுபடும்போதுதான் பிளக்கில் பொறி வரும். பழைய பெட்ரோல் அம்பாசடரில் அதை அறுப்பது, பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்ற சிறு ஸ்விட்ச். நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால் அது நொடிக்கு 100 முறை திறந்து மூடும். வீட்டு ஸ்விட்சை ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே தகடு கருகுமே, அதேதான் இங்கும். கூடவே, பாயிண்டைத் திறக்கும் கேமில் உரசும் பகுதி தேயும், பாயிண்டில் இருக்க வேண்டிய 0.35–0.40 மி.மீ. இடைவெளி குறையும், டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கும்.

எலக்ட்ரானிக் கிட்டில் உரசலே கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டாருக்கு அடியில் ஒரு காந்த வளையம், பாயிண்ட் இருந்த இடத்தில் ஒரு சென்சார் மாட்யூல், அவ்வளவுதான். பாயிண்ட் கருகுவதைக் குறைக்கும் கண்டென்சருக்கு இனி வேலை இல்லை.

தவறு நடப்பதெல்லாம் ஒயரிங்கில்தான். பெரும்பாலான கிட்டுகளில் சிவப்பு ஒயர் காயிலின் பாசிட்டிவுக்கு, கறுப்பு நெகட்டிவுக்கு. மாற்றிக் கொடுத்தால் மாட்யூல் போய்விடும். காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் வண்டியில் இருந்தால் சிவப்பை அதற்கு முன்னால், முழு 12 வோல்ட் வரும் இடத்தில் இணைக்க வேண்டும். அப்படி இணைக்காவிட்டால் ஸ்டார்ட் ஆகத் திணறும். காயிலின் ஓம் அளவு கிட்டோடு ஒத்துப்போகிறதா என்று மீட்டரில் பாருங்கள். வெறும் செம்புக் கம்பி பிளக் ஒயர் வேண்டாம், ரெசிஸ்டர் ஒயர் போடுங்கள். மாட்டி முடித்ததும் டைமிங் லைட் வைத்து மறுபடி செட் செய்வது கட்டாயம். இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டால் காயிலும் மாட்யூலும் சூடேறிக் கெடும்.

டிஸ்ட்ரிபியூட்டரையே தூக்கிவிடுவார்கள், வண்டிக்கு பவர் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் தவறு: கேப், ரோட்டார், வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்னே தள்ளும் அட்வான்ஸ் எடைகள் எல்லாம் அங்கேயேதான் இருக்கும், சரியாக செட் செய்த பாயிண்டைவிட இழுவை பெரிதாக அதிகரிக்காது, அடிக்கடி கேஜ் வைத்து இடைவெளியைப் பார்க்கும் வேலைதான் இல்லாமல் போகும்.