மடக்க மறுப்பவர்கள் நடுவே: ஃப்ளாப்புக்கு முந்தைய ஆட்டம் குறித்துச் சில கேள்விகளும் பதில்களும்

லாஸ் வேகாஸ் கேசினோக்களில் நடக்கும் 1–2 டாலர் நோ லிமிட் ஹோல்டெம் (பந்தயத்துக்கு மேல்வரம்பு இல்லாத போக்கர் சீட்டாட்டம்) மேசைகளைப் பற்றியவை இக்கேள்விகள். மடக்குவது என்றால் சீட்டைக் கைவிட்டு விலகுவது; ஃப்ளாப் என்றால் எல்லோருக்கும் பொதுவாக முதலில் திறக்கப்படும் மூன்று சீட்டுகள். ஒவ்வொருவரிடமும் 200 டாலருக்குச் சிப்புகள் இருப்பதாகக் கொண்டு விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: ஆசு ஜோடி வந்ததும் 7 டாலருக்கு ஏற்றினேன். ஐந்து பேர் கால் செய்தார்கள் (அதே தொகையைப் போட்டுத் தொடர்ந்தார்கள்). எட்டும் ஐந்தும் வைத்திருந்த ஒருவர் இரண்டு ஜோடி காட்டிப் பணத்தை அள்ளிக்கொண்டார். இவர்களிடம் நல்ல சீட்டு வந்து என்ன பயன்?

பதில்: பயன் உண்டு, 7 டாலர்தான் பிழை. ஏதோ இரு சீட்டுகளோடு ஒருவர் மட்டும் எதிரே இருந்தால், கடைசிச் சீட்டு வரை பார்க்கும்போது ஆசு ஜோடி நூற்றுக்கு 85 முறை வெல்லும். நால்வர் இருந்தால் அது ஏறத்தாழ 56 ஆகக் குறைந்துவிடும். ஆனால் அந்த நால்வரும் உங்களுக்குச் சமமாகப் பணம் போட்டிருந்தால், ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே போட்ட நீங்கள் பாதிக்கு மேற்பட்ட முறை முழுப் பாட்டையும் (நடுவில் சேர்ந்த பணம் அனைத்தையும்) எடுக்கிறீர்கள் என்பதை மறக்கக்கூடாது. தோல்வி கூடுவதால் வருமானம் குறைகிறது என்று பொருளில்லை.

7 டாலருக்கு அறுவர் சேர்ந்தால் பாட்டில் 42 டாலரே இருக்கும். கையில் மிஞ்சிய 193 டாலர் அதைப்போல நாலரை மடங்கு என்பதால், எட்டும் ஐந்தும் வைத்திருப்பவருக்குப் பின்னால் உங்களிடமிருந்து பெருந்தொகை பறிக்க இடம் இருக்கிறது. 15 டாலருக்கு ஏற்றி மூவர் வந்தாலே பாட் 60-ஐத் தொடும். மீதி மூன்று மடங்குதான், இரண்டு பந்தயங்களில் முடிந்துவிடும். 7 டாலருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் 15-க்கும் வருவார்கள் என்பது என் அனுபவம். முன்பே 2 டாலர் போட்டு நுழைந்தவர் ஒவ்வொருவருக்கும் இன்னும் 2 டாலர் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடைசி இடத்தில் உட்கார்ந்திருக்கையில், உதவாத சீட்டானாலும் 10 டாலருக்கு ஏற்றி பிளைண்டுகளை (சீட்டு வருமுன்னே இருவர் கட்டாயமாகப் போடும் 1, 2 டாலர்களை; 1 டாலர் போடுபவர் ஸ்மால் பிளைண்டு) தட்டிச் செல்லலாமா?

பதில்: 3 டாலருக்காக 10 டாலரைப் பணயம் வைக்கிறீர்கள். நூற்றுக்கு 77 முறை இருவரும் மடக்கினால்தான் முதலுக்கு மோசமில்லை. மடக்காதவர்களிடம் செய்யும் வேலையா இது?

கேள்வி: இத்தகைய மேசையில் எந்தச் சீட்டுகளுக்கு மதிப்பு ஏறுகிறது, எவற்றுக்கு இறங்குகிறது?

பதில்: ஆசு–ராஜாவுக்கு ஏறுகிறது. ஆசும் ஏழும் வந்தால் மடக்க மனம் வராத ஒருவர் பணத்தோடு எதிரே வரும்போது, நான்கில் ஏறக்குறைய மூன்று முறை நீங்களே வெல்வீர்கள். சிறு ஜோடிகளுக்கும் ஏறுகிறது: ஃப்ளாப்பில் ஜோடிக்கு இணையான மூன்றாவது சீட்டு எட்டரை முறைக்கு ஒருமுறைதான் வரும் என்றாலும், வந்தால் விலை கொடுக்க ஆள் இருப்பதால், 10, 12 டாலர் வரை கால் செய்யலாம். ராணி–பத்து போன்றவை, சின்னம் வேறுபட்டிருந்தால், முன்னிடத்திலிருந்து (முதலில் பேச வேண்டிய இடங்களிலிருந்து) ஆடத் தகாதவை. இரண்டும் இஸ்பேடு என்பதற்காக ஒன்பதையும் நான்கையும் பிடித்துத் தொங்குவோர் ஒன்றை அறிய வேண்டும்: ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டுகள்) அமைவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, பலர் இருக்கும் பாட்டில் அதைவிடப் பெரிய ஃப்ளஷும் இருக்கக்கூடும்.

கேள்வி: எதற்கும் கால் மட்டுமே செய்துவந்த ஒருவர், என் 15 டாலருக்கு மேல் திடீரென 50 என்கிறார். ஜாக்கி ஜோடியோடு நிற்கிறேன்.

பதில்: மடக்குங்கள். ஒரு மேசையில், இரண்டு மணி நேரம் சீட்டைச் சரியாகப் பாராமலே சிப்புகளை எறிந்துகொண்டிருந்த ஒருவர், ஒரு கையில் சீட்டின் ஓரத்தை இரண்டாம் முறை தூக்கிப் பார்த்து, பீர்க் கோப்பையைத் தள்ளி வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, சிப்புகளை எண்ணி அடுக்கினார். நான் ராணி ஜோடியோடு கால் செய்தேன். அவர் காட்டியது ராஜா ஜோடி. தாராளமாகக் கால் செய்பவர் தாராளமாக ஏற்றுவார் என்று நினைத்தது என் தவறு.

கேள்வி: ஸ்மால் பிளைண்டில் இன்னும் 1 டாலர்தானே, எதையும் வைத்துப் பார்த்துவிடலாமா?

பதில்: ஜோடியும், ஒரே சின்னத்தில் அடுத்தடுத்த சீட்டுகளும் என்றால் பாருங்கள். மற்றவற்றை மடக்குங்கள், ஃப்ளாப்புக்குப் பின் ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பேச வேண்டியவர் நீங்கள்.